ஆரிட்ட இருந்து தொத்தினது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். இதை எழுதும்போது அவள் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். அதனால் யாரும் பயந்து பயந்து வாசிக்கத் தேவையில்லை. எனக்கு வந்தது உயிரை எடுக்கிற வருத்தமும் இல்லை. அரிப்பு. பெண்ணுறுப்பில் அரிப்பு. இதை வாசித்ததும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அவர்களுக்காக நான் எழுதவில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுகிற பிள்ளைத்தாச்சிகளுக்காக எழுதுகிறேன். அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதை ஆஸ்பத்திரி வாட்டில் படுத்த பிறகுதான் அறிந்துகொண்டேன்.

என் கணவர் அன்ரன் கட்டாரில் ஏசி திருத்துகிற வேலை செய்கிறார். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, லீவில் வந்து, பொங்கலுக்கு முதல் திரும்பிப் போனார். அவர் போன பிறகுதான் எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது. முதல் பிள்ளை. நான் தனியாக இருக்கக்கூடாது என்று மாமி, அதாவது அன்ரனின் அம்மா, வந்து என்னோடு நின்றார். எனக்குத் தாய் இல்லை. அப்பா எங்கள் ஊர்க் கடலுக்கு அந்தக் கரையில், கட்டைபறிச்சானில் தம்பியோடு இருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் எழுதுகிற கட்டுரையில் ஒரு சொல் பிழைத்தாலும் சிவப்பு மையால் வட்டம் போடுகிறவள். இதையும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் என்னைப் படுகுழியில் தள்ளியதே ஒரு தமிழ்ச் சொல்தான்.

ஐந்தாம் மாதம் முடிகிற நேரம், கச்சான் காற்று அனல் மாதிரி வீசத் தொடங்கிய காலம், அரிப்பும் தொடங்கியது. முதலில் கொஞ்சமாக. பிறகு வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்க ஏலாத அளவுக்கு. தயிர் திரைந்தது மாதிரி வெள்ளை பட்டது. சிறுநீர் போனால் எரிந்தது. மாமியிடம் பாதியை விழுங்கிப் பாதியைச் சொன்னேன்.

"அது சூடு பிள்ளை. இந்தக் கச்சானுக்கு ஆருக்குத்தான் சூடில்லை? குளிர்மையாக் குடி, எல்லாம் அடங்கும்" என்றார்.

குளிர்மை என்றால் மாமிக்குச் செவ்விளநீர், நன்னாரிச் சர்பத், கற்கண்டு போட்ட வெந்தயத் தண்ணீர். மூன்று வேளையும் மாறி மாறி வந்தது. அவர் மனதில் கள்ளம் இல்லை, அன்போடுதான் கரைத்துத் தந்தார். நானும் குடித்தேன். போதாததற்கு டெற்றோல் கலந்த தண்ணீரால் நாளுக்கு நாலு தரம் கழுவினேன். சுத்தமில்லாமல்தான் வந்தது என்று நினைத்தேன். பின்னால் பெரியாஸ்பத்திரியில் டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் நோயை அடக்கி வைக்கிற நல்ல கிருமிகளும் இருக்கின்றனவாம், டெற்றோலும் வாசனைச் சவர்க்காரமும் அவற்றைத்தான் முதலில் கொல்லுமாம். வெறும் தண்ணீர் போதும். பருத்தியில் தளர்வான உடுப்புப் போதும். இந்த இரண்டு வசனத்தை யாராவது முதலே சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை.

சொல்ல ஆள் இருந்தார். எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவார். முதல் கிளினிக்கில் எல்லாப் பிள்ளைத்தாச்சிக்கும் எடுக்கிற இரத்தத்தை, எயிட்ஸ், மேகநோய் பார்க்கிறதையும் சேர்த்து, எடுப்பித்தவரும் அவர்தான். ஆனால் அவருடைய மகள் என் வகுப்பில் முன்வரிசையில் இருக்கிறாள். ரீச்சருக்கு அங்கே அரிக்கிறது என்று தாய்க்குத் தெரிந்தால் நான் எப்படி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது? இந்த மானத்தால்தான் மிட்வைஃபை விட்டுவிட்டு, காசைக் கட்டி, சனல் என்கிற தனியார் மருத்துவ நிலையத்தில் ஒரு டொக்டரைப் பார்க்கப் போனேன். மாமியும் கூட வந்தார். பிள்ளைத்தாச்சியைத் தனியாக விடலாமா!

சனல் இடத்தில் பின்னேரம் முழுக்கப் பிளாஸ்ரிக் கதிரையில் காத்திருந்தோம். எரிச்சலில் ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து இருந்தேன். டொக்டர் சிங்களவர், வயதான, மரியாதையான மனிதர். எனக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும். அங்கே வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை நடுவில் நின்று மொழிபெயர்த்தது. டொக்டர் பரிசோதித்துவிட்டு 'இன்ஃபெக்‌ஷன்' என்றார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, நல்ல தமிழில், "உங்களுக்குப் பிறப்புறுப்பில தொற்று ஒண்டு இருக்காம் ரீச்சர்" என்றது.

சரியான சொல். நானே வகுப்பில் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பேன். டொக்டர் உள்ளே வைக்கிற குளிசை எழுதித் தந்தார். ஆறு இரவுக்கு வைக்க வேண்டும், அரிப்பு நின்றாலும் நிறுத்தக்கூடாது என்று அந்தப் பிள்ளை இரண்டு தரம் சொன்னது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாமி என் பின்னால் வந்தார். ஓட்டோவில் ஏறி, ஆஸ்பத்திரிச் சந்தி தாண்டி, எங்கள் ஊரில் மாடு மாதிரித் திரிகிற மான்கள் றோட்டின் நடுவில் படுத்திருந்ததால் ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"தொத்து வருத்தமோ?"

"தொற்று எண்டுதான் சொன்னவை மாமி."

"தொத்தெண்டால் ஒருத்தரில இருந்து ஒருத்தருக்கு வாறது. கண்ணோய் தொத்து. அம்மாள் வருத்தம் தொத்து. இது..." ஓட்டோக்காரரின் முதுகைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அன்ரன் பொங்கலுக்கு முன்னம் போனவன். இது இப்ப ஆரிட்ட இருந்து தொத்தினது?"

பாய்ந்து விழுந்து ஏசியிருக்க வேண்டும். வாய்க்காரி என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேர். அன்றைக்கு வாய் ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் எனக்கும் பதில் தெரியாது! தொற்று என்றால் தொற்றியதுதானே. எங்கேயோ இருந்து வந்ததுதானே. பள்ளிக்கூட மலசலகூடமோ, பஸ்ஸோ என்று நானும் உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அந்த மௌனத்தை மாமி வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்.

வீட்டில் என் தட்டும் கோப்பையும் புறம்பானது. என் துவாய் புறம்பாகக் காய்ந்தது. குளியலறைக்குள் நான் போய் வந்ததும் மாமி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். தட்டைத்தான் புறம்பாக்கினார், சோற்றைக் குறைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மீன் நடுத்துண்டு எனக்குத்தான் விழுந்தது. வயிற்றில் இருப்பது தன் மகனின் பிள்ளைதானா என்று அவர் நினைத்தாரோ இல்லையோ, பிள்ளைக்குச் சோறு போட்டார். ஆனால் பார்வை! ஒரு நாள் அவர் குசினிக்குள் நின்று அன்ரனுக்குத் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டேன். "டொக்டரே சொல்லிப்போட்டார் தம்பி. தொத்தாம். நான் வேறொண்டும் சொல்லேல்லை. நீ யோசிச்சுப் பார்."

அதன் பிறகு அன்ரன் என்னோடு கதைப்பது நின்றது. முன்பு நாளுக்கு இரண்டு தரம் எடுக்கிற மனிதன். இப்போது "வேலை" என்று ஒரு சொல் வரும். பிறகு அதுவும் வரவில்லை. நான் எழுதிய செய்திகளுக்கு, வாசித்தாயிற்று என்று நீலக் கோடு விழும், பதில் விழாது. பக்கம் பக்கமாக எழுதினேன். நான் எங்கேயும் போகவில்லை, யாரோடும் பழகவில்லை, உங்கள் பிள்ளையின் மேல் ஆணை என்று எழுதினேன். நான் ஏன் ஆணையிட வேண்டும்? இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. அன்ரன் என்னை நம்பாவிட்டால் இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை.

குளிசையும் சரியாக வைக்கவில்லை. அறைக் கதவைப் பூட்டுகிற ஒவ்வொரு முறையும் வெளியே மாமி செருமினார். மூன்று இரவு வைத்ததும் அரிப்பு அடங்கியது, விட்டுவிட்டேன். மிச்சத்தை அலுமாரிக்குள் துணிகளுக்குக் கீழே ஒளித்தேன். களவெடுத்த சாமானை ஒளிக்கிற மாதிரி. பத்துப் பன்னிரண்டு நாளில் அரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. இந்த முறை மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரேயொரு குளிசையை விழுங்கினால் சரி என்று எடுத்து நீட்டினார். நல்ல காலம், என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தானே திரும்ப எடுத்துக்கொண்டார். "பிள்ளைத்தாச்சிக்கு வாயால குடுக்கிறதில்லை, டொக்டரைப் பாருங்கோ" என்றார். நான் பார்க்கவில்லை. சிறுநீரை அடக்கி வைக்கப் பழகினேன், எரிச்சலுக்குப் பயந்து. அப்படி அடக்கியதில்தான் குளிர் காய்ச்சல் வந்தது, விலாவில் குத்தியது. மாமியே பயந்துபோய் ஓட்டோ பிடித்து என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

பிள்ளைத்தாச்சி வாட்டில் கட்டில் கிடைத்தது. கையில் ஊசி ஏற்றினார்கள், சிறுநீரும் இரத்தமும் எடுத்தார்கள். வயிற்றில் மெஷினை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரிச் சத்தம். அதைக் கேட்டதும் விக்கி விக்கி அழுதேன். ஒரு நேர்ஸ் காகிதத்தைப் பார்த்து மாமியிடம், "சிறுநீர்த் தொற்று அம்மா" என்றார்.

மாமி நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ மாதாவே, இது இன்னொரு தொத்தோ!"

அடுத்த கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ரிஸ்வானா இருந்தாள். நாலாவது பிள்ளை, இரத்த அழுத்தம். மாமி போன பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "என்ன ரீச்சர், மாமி இப்பிடிக் கத்துறா?" என்று கேட்டாள். எப்படியோ அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அல்லாஹ்வே, இதுக்கா? எனக்கு மூணு புள்ளைக்கும் இந்தக் கடி வந்த. மிட்வைஃப்கிட்ட சொன்ன, மருந்து தந்த, சரியாப் பெயித்து. ஒங்கட மாமிக்கு ஆரும் வெளங்கப்படுத்தல்லியா?"

என்னைப் பார்த்து முதல் முறையாக ஒருத்தி சிரித்தது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தன் கட்டில் பக்கம் திரும்பியிருந்த மேசைக் காற்றாடியையும் அவள் என் பக்கம் திருப்பி வைத்தாள்.

மறுநாள் அப்பா வந்தார். கட்டைபறிச்சானிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, வியர்த்து ஒழுகிக்கொண்டு கட்டிலடியில் நின்றார். என்ன வருத்தம் என்று கேட்கவில்லை. அவருக்கு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் தெரியாது. ஒரு பையை நீட்டினார். உள்ளே அவருடைய பழைய பருத்திச் சாரங்கள், தோய்த்து, வெயிலில் காய வைத்து, மடித்தவை. "நேர்ஸ் பிள்ளை போனில சொன்னது, பருத்தித் துணிதான் உடுக்கோணுமாம் எண்டு. இது தோய்ச்சுத் தோய்ச்சு மெத்துப்பட்டது. உடம்பில குத்தாது" என்றார். பிறகு வாட்டைச் சுற்றிப் பார்த்து, "கட்டில் காத்துப்படுற இடம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாட்டில் இருந்த நாளெல்லாம் அப்பாவின் சாரத்தைத்தான் உடுத்துக் கிடந்தேன்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சீனி கூடியிருந்தது. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வருகிற நீரிழிவு. எனக்கு எல்லாவற்றையும் உட்கார்ந்து விளங்கப்படுத்தியவர் ஒரு தமிழ்ப் பெண் டொக்டர், என்னைவிட இளையவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஈஸ்ட் என்பது ஒரு பூஞ்சை. பேக்கரியில் பாண் மாவைப் பொங்க வைக்கிறதே, அந்தச் சாதி. அது பெண்கள் பலரின் உடம்பில் எப்போதும் கொஞ்சம் இருக்கிறது, ஒரு தீங்கும் செய்யாது. பிள்ளை தங்கினால் உடம்பின் சுரப்புகள் மாறுகின்றன, அதற்கு வளர வசதியாகிறது. அதோடு உடம்பில் சீனியும் கூடினால் கேட்கவே வேண்டாம்.

"அப்ப செவ்விளநீர், சர்பத்?" என்று கேட்டேன்.

"அதுக்கு நீங்கள் நல்லாச் சாப்பாடு போட்டு வளத்திருக்கிறியள் ரீச்சர்."

வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது என்றார். பிறக்கும்போது வாயில் வெண்படலம் பிடிக்கலாம், அதற்கும் மருந்து உண்டு. குளிசையைக் கடைசிவரை வைக்க வேண்டும். சீனியைக் கட்டுப்படுத்த வேண்டும். சிறுநீரை ஒருநாளும் அடக்கக்கூடாது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன், பிறகு அவருடைய கையைப் பிடித்துவிட்டேன்.

"டொக்டர், இதை என்ர மாமிக்கும் ஒருக்காச் சொல்லுவியளோ? எனக்காக. இல்லாட்டி எனக்குக் குடும்பம் இல்லை."

பார்வையாளர் நேரத்தில் வருவதாகச் சொன்னார், சொன்ன மாதிரியே வந்தார். சீனி கூடியதைக் கேட்டு, மாமி அரிசிமாவைத் தவிர்த்துக் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவில் புட்டு அவித்துக்கொண்டு வந்திருந்தார்.

"அம்மா, உங்கட மருமகளுக்கு வந்தது ஆரிட்டயும் இருந்து வந்ததில்லை. அவவின்ர உடம்பிலயே இருக்கிறது, கூடிப்போச்சு. கன்னியாஸ்திரிக்கும் வரும். சின்னப் பிள்ளைக்கும் வரும்."

"தொத்தெண்டுதானே அண்டைக்குச் சொன்னவை?"

"தொற்று எண்டு எழுதுறது வழக்கம் அம்மா. ஆனா இது தொத்தினது இல்லை."

மாமி டொக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப ஏன் அப்பிடிப் பேர் வைச்சவை?" என்றார். தமிழ் ரீச்சர் என்பதால் என்னிடம்தான் கேட்டார். மன்னிப்பு என்ற சொல் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. புட்டுப் பெட்டியைத் திறந்து, "ஆற முதல் சாப்பிடு" என்றார். அன்றைக்கு எனக்கு அது போதும் என்று பட்டது. ஏனென்றால் என் மனம் முழுக்கக் கட்டாரில் இருந்தது.

"அன்ரனுக்கு நான் சொல்லுறன்" என்று மாமி தொலைபேசியை எடுத்தார்.

"வேண்டாம் மாமி. நானே சொல்லுறன்."

அன்று வெள்ளிக்கிழமை, அங்கே லீவு. மாமியின் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டதால் அன்ரன் உடனே எடுத்தார். நான் அழவில்லை. வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஈஸ்ட், பாண் மா, சீனி, உடம்பிலேயே இருப்பது, கூடியது. "டொக்டர் மாமிக்கு முன்னால வைச்சே சொன்னவ. இது தொத்திற வருத்தமே இல்லை. ஆரிட்ட இருந்தும் வரேல்லை" என்று முடித்துவிட்டுக் காத்திருந்தேன். இனி மன்னிப்புக் கேட்பார். இனி அழுவார். இனி என்னை ஜெசி என்று கூப்பிடுவார்.

பெரிய மூச்சு ஒன்று கேட்டது.

"அப்ப... என்னிட்ட இருந்து வந்ததில்லையோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"என்னப்பா சொல்லுறியள்?"

"இல்லை ஜெசி, அம்மா தொத்தெண்டு சொன்ன நேரம் தொடக்கம் நான் நித்திரை கொள்ளேல்லை. இஞ்ச ரெண்டு தரம் இரத்தம் குடுத்துப் பாத்தனான். ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவங்கள். எண்டாலும் பயந்துகொண்டிருந்தனான்." அவர் சிரித்தார். தலையிலிருந்து மூட்டை இறங்கிய மனிதனின் சிரிப்பு. "அப்பாடா!"

"நீங்கள் ஏன் இரத்தம் குடுத்துப் பாத்தனீங்கள்?"

சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் யாரோ தொலைக்காட்சி பார்க்கிற சத்தம் கேட்டது. "ஜெசி... பிறகு கதைப்பம். நெற்வேர்க் சரியில்லை" என்றார். வைத்துவிட்டார்.

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. யாரிடமிருந்து தொற்றியிருக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தார். தாய் என்னைப் புறம்பான தட்டில் சோறு தின்ன வைத்தபோதும், நான் பிள்ளையின் மேல் ஆணையிட்டு எழுதியபோதும், "அவளில பிழையில்லை அம்மா" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் பிழை யாரில் என்று தாய் கேட்பாள். அதற்குப் பயந்து என்னை விட்டுக்கொடுத்தார். நான் குற்றவாளிக் கூண்டில் நிற்க, உரிய ஆள் கட்டாரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

"என்னவாம்?" மாமி ஆவலோடு முன்னால் குனிந்தார். "அவனுக்கு விளங்கிற்றாமோ?"

"ஓம் மாமி. நல்லா விளங்கிற்றுது."

"சந்தோசப்பட்டானோ?"

"சரியான சந்தோசம்."

மாமி சிலுவை போட்டுக்கொண்டு புட்டைக் குழைத்து என் வாயருகே நீட்டினார். தன் கையாலேயே. நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். ரிஸ்வானா மட்டும் அடுத்த கட்டிலில் இருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்து, மாமி போய், வாட்டு அடங்கிய பிறகு சீனி பார்க்கிற ஊசியோடு நேர்ஸ் வந்தார். விரலை நீட்டாமல் முழங்கையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"மிஸி, முதல் கிளினிக்கில எடுத்த அந்த மற்ற இரத்தங்களையும் திருப்பி ஒருக்கா எடுப்பியளோ?"

"ஏன் ரீச்சர், இன்னும் பயமோ? உங்களுக்கு வந்தது தொத்தில்லை எண்டு டொக்டர் வடிவாச் சொன்னவதானே?"

"ஓம் மிஸி, சொன்னவ" என்றேன். "அதில்லை நான் கேக்கிறது. தொத்திறது ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ."